யார்க்கருக்கு முன்னால் நொண்டி ஆடட்டும்

கோடை விடுமுறை தொடங்கினால் ஊருக்கு ஊர் கிரிக்கெட் பயிற்சி முகாம்கள் முளைத்துவிடுகின்றன. எட்டு வயதுப் பையன் முதல் நாளே பேடு கட்டிக்கொண்டு வலைக்குள் நிற்கிறான். அடுத்த வாரம் பந்தின் தையலை எப்படிப் பிடித்தால் அவுட்ஸ்விங் ஆகும் என்று கற்கிறான். அவனால் ஒற்றைக் காலில் ஆடாமல் நிற்க முடிகிறதா, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடிகிறதா, குதிகால் தரையில் பதியக் குந்தி எழ முடிகிறதா என்று பெரும்பாலான முகாம்களில் யாரும் பார்ப்பதில்லை. ஓட, சட்டென நிற்க, குதிக்க, இறங்க, குந்த, எறிய, விழுந்து உருள உடல் பழகிய பிறகுதான் எந்த விளையாட்டின் நுணுக்கத்தையும் அதன்மேல் ஏற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றும் பயிற்சி, பிள்ளையின் முதுகையும் முழங்காலையும் பணயம் வைக்கிறது.

வேகப்பந்து வீச்சைப் பார்த்தாலே இது விளங்கும். ஓடி வந்து முன்காலை ஊன்றும் கணத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் காலில் இறங்கி, இடுப்பு வழியாக முதுகெலும்புக்கு ஏறுகிறது. அதே கணத்தில் முதுகு பக்கவாட்டில் சாய்ந்து திருகவும் செய்கிறது. தொடையும் இடுப்பும் வயிற்றுத் தசைகளும் இறங்கும் விசையைத் தாங்கப் பழகியிருந்தால் சுமை பங்கிடப்படும். இல்லையென்றால் கீழ்முதுகே பெரும் பங்கைச் சுமக்கும். வளரும் பிள்ளைக்கு அந்த எலும்பு இன்னும் முழுதாக இறுகியிருக்காது. ஆஸ்திரேலியாவில் 82 இளம் வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு பருவம் முழுக்கக் கண்காணித்து 1989இல் வெளியான ஆய்வில், 11 சதவீதம் பேருக்குக் கீழ்முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டிருந்தது. கண்காணிக்கப்பட்டவர்களின் சராசரி வயது 17கூட இல்லை. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973இல் இதே முதுகு முறிவு வந்தது. அவர் முதலில் கடும் பயிற்சியால் உடலைத் திரும்பக் கட்டினார், வீச்சு முறையைத் திருத்தினார், அதன் பிறகே பழைய வேகத்தோடு களத்துக்கு வந்தார். 1987இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியபோது அதை வழிநடத்த வந்தவரும் அவரே. அந்த அனுபவம் நம் வாசலுக்கே வந்தும், முகாம்கள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கால்பந்தில் இதற்கு இன்னும் உறுதியான சான்று இருக்கிறது. நார்வேயில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 1,900 பெண்களிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு பகுதி அணிகள் பயிற்சிக்கு முன் சுமார் 20 நிமிடம் நிதானமான ஓட்டம், ஒற்றைக் கால் சமநிலை, குந்தி எழுதல், சரியாக இறங்குதல் ஆகியவற்றைச் செய்தன. மற்ற அணிகள் வழக்கம்போல ஆடின. முதல் வகை அணிகளில் மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கும், கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியும் குறைவாக இருந்தன. இதையே 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றி, விழும் முறையையும் சேர்த்து நான்கு ஐரோப்பிய நாடுகளில் சோதித்தபோது, காயங்கள் 48 சதவீதம் குறைந்தன. இதற்குச் சிறப்புக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. இருக்கும் மைதானமும் சொல்லித் தரத் தெரிந்த ஓர் ஆளும் போதுமாக இருந்தது.

“இப்படித் தாமதித்தால் பிள்ளை பின்தங்கிவிடுமே, சச்சின் 16 வயதில் டெஸ்ட் ஆடவில்லையா?” என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் ஒரு சச்சினை வைத்து ஆயிரம் பிள்ளைகளின் பாதையை வகுக்க முடியாது. 6,096 விளையாட்டு வீரர்களின் தகவல்களைத் தொகுத்த ஆய்வு 2022இல் வந்தது; அவர்களில் 772 பேர் உலகின் முன்வரிசையினர். சிறு வயதில் வென்றவர்கள் ஒரே விளையாட்டைச் சீக்கிரம் தொடங்கியவர்களாக இருந்தார்கள். பெரியவர்களான பின் உலகத் தரத்தை எட்டியவர்களோ பிள்ளைப் பருவத்தில் பல விளையாட்டுகளை ஆடி, தங்கள் விளையாட்டுக்குத் தாமதமாக வந்து, தொடக்கத்தில் மெதுவாகவே முன்னேறியிருந்தார்கள். 14 வயதுக் கோப்பைக்கான பாதையும் 24 வயதுத் தகுதிக்கான பாதையும் வேறு வேறு என்பதையே இது காட்டுகிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற சிலவற்றுக்கு இளமையிலேயே தொடங்க வேண்டியிருக்கிறது என்பது உண்மை. அங்கும் முதல் பாடம் உருள்வதும் இறங்குவதும்தான்.

இன்னொரு மறுப்பு, பிள்ளைகள் ஓடியாடி இவற்றைத் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்பது. தெருவும் திடலும் இருந்த காலத்தில் அது ஓரளவு நடந்தது. நொண்டி ஆடியவர்கள் ஒற்றைக் காலில் இறங்கக் கற்றார்கள். பச்சைக்குதிரை தாண்டியவர்கள் தாவவும் ஊன்றவும் கற்றார்கள். இன்று தெருவை வண்டிகள் பிடித்துக்கொண்டன, உடற்கல்வி பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. 11 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் உலக அளவில் 81 சதவீதம் பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2019இல் சொன்னது. வீட்டில் உட்கார்ந்தே இருந்த உடலை நேரே வலைக்குள் அனுப்புகிறோம். அடிப்படைப் பயிற்சி சலிப்பூட்டும் என்பவர்களுக்கும் அந்தத் தெரு விளையாட்டுகளே பதில்: ஒரு மணி நேர வகுப்பில் முதல் அரை மணியை அவற்றுக்குக் கொடுத்தால் எந்தப் பிள்ளை முகம் சுளிக்கும்? நம் கலைகளும் இதே வரிசையைத்தான் வைத்திருக்கின்றன. பரதம் அரைமண்டியிலும் தட்டடவிலும் தொடங்கி வெகு நாள் கழித்தே வர்ணத்துக்குப் போகிறது. களரிப்பயிற்றில் உடலைப் பழக்கும் மெய்த்தாரி முடிந்த பின்புதான் கையில் கோல்.

முகாம் நடத்துபவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. கட்டணம் கட்டிய பெற்றோர் சுவரோரம் நின்று, பிள்ளை மட்டை பிடிப்பதைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். அதனால் மாற்றம் பெற்றோரிடமிருந்தே தொடங்க வேண்டும். இந்தக் கோடையில் பிள்ளையைச் சேர்க்கும் முன், எத்தனை ஓவர் போடவைப்பார்கள் என்பதோடு, ஓடவும் குதிக்கவும் இறங்கவும் யார், எத்தனை நிமிடம் சொல்லித் தருவார்கள் என்றும் கேளுங்கள். பதில் கிடைக்காத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.