ஒரு தட்டு, இரண்டு கட்டுப்பாடுகள்

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சென்னைக்குப் பறப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். புறப்படுவதற்கு முன் பெட்டியின் எடையை மூன்று முறை நிறுத்துப் பார்ப்போம். கடப்பிதழ் இருக்கிறதா என்று நான்கு முறை தொட்டுப் பார்ப்போம். விமானத்தில் பாட்டி என்ன சாப்பிடுவார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. "நாலு மணி நேரம்தானே, சமாளிச்சுக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். இந்தச் சமாளிப்பு சிலருக்கு ஆபத்தாக முடியும்.

கிள்ளானில் இருக்கும் என் அத்தை பிறந்ததிலிருந்து சைவம். பல ஆண்டுகளாக நீரிழிவும் உண்டு. நம் வீடுகளில் 'இனிப்பு நீர்' என்போமே, அதுதான். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்வார். சில ஆண்டுகளுக்கு முன் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனேன். டிக்கெட் பதிவு செய்தபோது சிறப்பு உணவுப் பட்டியல் ஒன்று வந்தது. அதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். உடல்நலம்தான் முக்கியம் என்று 'நீரிழிவு உணவு' என்பதை அழுத்தினேன்.

விமானத்தில் தள்ளுவண்டி வரும் சத்தம் கேட்டதும் அத்தை ஊசியைப் போட்டுக்கொண்டார். தட்டைத் திறந்தால் உள்ளே கோழி! சைவ உணவு எதுவும் மிச்சமில்லை. இரண்டு துண்டு பழத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லடா" என்றார். அரை மணி நேரத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. பணிப்பெண் ஓடிவந்து ஆரஞ்சுச் சாறு கொடுத்தார். கால் மணி நேரம் கழித்துத்தான் அத்தை தெளிந்தார்.

நடந்தது என்ன? இன்சுலின், இரத்தத்தில் உள்ள குளுக்கோஸைச் செல்களுக்குள் அனுப்பும் ஹார்மோன். விரைவாகச் செயல்படும் இன்சுலின் ஏறத்தாழ 15 நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடும். உணவு வந்ததா, இல்லையா என்று அது காத்திருக்காது. உணவு வராவிட்டால் இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸும் குறைந்துபோகும். மூளைக்கு முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ்தான். அது குறைந்தால் நடுக்கம், குழப்பம், பிறகு மயக்கம். அதனால்தான், உணவு கைக்கு வரும்வரை ஊசி போடாதீர்கள் என்று பயணம் செய்யும் நீரிழிவு நோயாளிகளுக்கு மருத்துவர்கள் சொல்கிறார்கள். சர்க்கரை தாழ்ந்துவிட்டால் 15 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் 150 மில்லிலிட்டர் பழச்சாறு கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். இந்த '15க்கு 15' விதியை வீட்டில் ஒருவராவது மனத்தில் வைத்திருப்பது நல்லது.

அன்று தவறு என்னுடையது. நீரிழிவு உணவு என்றால் சர்க்கரையும் கொழுப்பும் குறைத்த உணவு. அது சைவமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கம் வகுத்த நான்கெழுத்துக் குறியீடுகளைத்தான் உலகின் பெரும்பாலான விமான நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. 'டிபிஎம்எல்' நீரிழிவு உணவு. 'ஏவிஎம்எல்' நம்மூர்ச் சுவையில் சமைக்கும் ஆசிய சைவம். பால், தயிர் சேர்ந்திருக்கலாம். 'விஜிஎம்எல்' பாலும் இல்லாத முழுத் தாவர உணவு. 'விஎல்எம்எல்' என்பதிலும் சைவம் என்ற சொல் உண்டு. ஆனால் அதில் முட்டை இருக்கலாம். 'எச்என்எம்எல்' இந்து உணவு. மாட்டிறைச்சி இருக்காது, கோழியோ மீனோ ஆட்டிறைச்சியோ இருக்கலாம். 'இந்து' என்ற சொல்லைப் பார்த்ததும் சைவம் என்று நினைத்து அழுத்தியவர்கள் நம்மில் குறைவில்லை.

இந்தப் பட்டியலில் நீரிழிவும் சைவமும் தனித்தனிக் கட்டங்களில் நிற்கின்றன. மனிதர்கள் அப்படித் தனித்தனியாக இல்லையே! 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர்! இந்தியர்களிடையே இந்த விழுக்காடு இன்னும் அதிகம். செவ்வாய், வெள்ளி, விரத நாள் என்று புலால் தவிர்ப்பவர்களும் நம்மிடையே நிறையப் பேர். ஆகவே கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் சென்னைக்குப் பறக்கும் விமானத்தில் 'சைவ நீரிழிவாளர்' அரிய பயணி அல்லர்.

விமான நிறுவனங்களின் சிரமமும் எனக்குப் புரிகிறது. வானத்தில் சமையலறை கிடையாது. உணவைத் தரையிலேயே சமைத்து, 5 பாகை செல்சியசுக்குக் கீழே விரைவாகக் குளிர்வித்து, தட்டுகளில் அடுக்கி ஏற்றுகிறார்கள். மேலே சூடாக்குவது மட்டுமே நடக்கிறது. சிறப்பு உணவைப் பொதுவாகக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லச் சொல்வது இதனால்தான். ஒவ்வொரு புதிய வகைக்கும் தனிச் சமையல், தனி அடுக்கு, தனிச் செலவு.

என் யோசனைக்கு அந்தச் செலவு தேவையில்லை. நீரிழிவு உணவையே சைவமாகச் சமைத்துவிடுங்கள். பருப்பு, காய்கறி, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றை வைத்து நல்ல நீரிழிவு உணவு சமைக்க முடியும். கோழி சாப்பிடுபவரும் ஒரு வேளைக்கு அதைச் சாப்பிடலாம். கோழி சாப்பிடாதவரோ மற்ற உணவைத் தொடவே முடியாது. ஒரே தட்டில் இருவரும் பசியாறுவார்கள் என்றால் அதை ஏன் செய்யக்கூடாது?

அந்த நாள் வரும்வரை நம் கையில் இருப்பது முன்னேற்பாடுதான். அதற்கு முதலில் விமானத்துக்குள் இருக்கும் காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பயணிகள் அமரும் பகுதியில் காற்றழுத்தம், கடல் மட்டத்திலிருந்து 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். கெந்திங் மலை உச்சிக்கு முறுக்குப் பொட்டலம் கொண்டுபோனவர்கள் அது பலூன்போல் உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் குறைந்தால் வாயுவின் கன அளவு கூடும் என்ற பாயில் விதிதான் அது. 2,400 மீட்டரில் ஒரு லிட்டர் வாயு ஏறக்குறைய 1.3 லிட்டராகும். வயிற்றுக்குள் இருக்கும் வாயுவுக்கும் விதிவிலக்கு இல்லை. எனவே பயணத்துக்கு முன் வயிறு முட்டக் கொண்டைக்கடலையும் குளிர்பானமும் வேண்டாம்.

நாக்கும் அங்கே மாறிவிடுகிறது. ஜெர்மனியின் ஃபிராவுன்ஹோஃபர் ஆய்வுக்கழகம் நடத்திய சோதனையில், விமானத்தில் இருப்பதுபோன்ற குறைந்த அழுத்தத்திலும் வறண்ட காற்றிலும் உப்புச் சுவை 20 முதல் 30 விழுக்காடு வரையும், இனிப்புச் சுவை 15 முதல் 20 விழுக்காடு வரையும் மங்கித் தெரிந்தது. உணவு சப்பென்று இருக்கிறதே என்று இரத்தக் கொதிப்பு உள்ள தாத்தா உப்புப் பொட்டலத்தைப் பிரித்தால், குறைவாக இருப்பது உப்பு அன்று, நாக்கின் உணர்ச்சி என்று எடுத்துச் சொல்லுங்கள்.

கையில் என்ன கொண்டுபோகலாம்? முதலில், வெளியுணவை அனுமதிக்கிறார்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். சில மலிவுக்கட்டண நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. மருத்துவக் காரணம் இருந்தால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். பிரிக்பீல்ட்ஸில் சூடான இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வாங்கிக்கொண்டு, கேஎல் சென்ட்ரலில் விரைவு ரயில் ஏறினால் 28 நிமிடத்தில் விமான நிலையம். ஆனால் அதன் பிறகு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள். காத்திருப்பு மூன்று மணி நேரம், தட்டு வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம். 5 முதல் 60 பாகை செல்சியசுக்குள் இருக்கும் சமைத்த உணவில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அதை வைத்திருக்கக்கூடாது. சட்னிக்கு இன்னொரு தடையும் உண்டு. அனைத்துலகப் பயணத்தில் சட்னி, சாம்பார், தயிர் எல்லாம் திரவக் கணக்கில் சேரும். 100 மில்லிலிட்டருக்கு மேல் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். சப்பாத்தி, வறுத்த கொட்டைகள், இனிப்பில்லாத பிஸ்கட் போன்ற உலர்ந்த உணவே நல்லது. இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கறையில் அது உறைந்துவிட்டால் பயன்படாது. மருத்துவர் கடிதமும் கூடவே இருக்கட்டும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தக் கவனம் உயிர்ப் பிரச்சினை. 2016இல் நட்டாஷா என்ற 15 வயது பிரிட்டிஷ் மாணவி, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறினார். ரொட்டி மாவில் எள் கலந்திருந்தது. உறையில் அது எழுதப்படவில்லை. எள் ஒவ்வாமை இருந்த அவர் உயிரிழந்தார். அன்றைய சட்டப்படி, கடையிலேயே தயாரித்து உறையிட்ட உணவுக்கு முழு மூலப்பொருள் பட்டியல் கட்டாயமில்லை. பெற்றோர் போராடியதால் 2021 அக்டோபர் 1 முதல் அங்கே அது கட்டாயமானது. விமானத் தட்டின்மேல் நான்கெழுத்துக் குறியீடு மட்டும் ஒட்டியிருந்தால் போதாது, உள்ளே இருப்பவை அனைத்தும் எழுதப்பட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மாணவர்களே, இணையத்தில் பதிவு செய்வது வீட்டில் பெரும்பாலும் உங்கள் விரல்கள்தாம். அடுத்த முறை சிறப்பு உணவுப் பட்டியல் வரும்போது உடனே அழுத்திவிடாதீர்கள். திரும்பி, "பாட்டி, நீங்க எதெல்லாம் சாப்பிட மாட்டீங்க? எந்த மருந்தை எப்போ போடுவீங்க?" என்று கேளுங்கள். ஒரே கட்டத்தில் அடங்காவிட்டால் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். என் அத்தையிடம் இந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால், அன்று அவர் கை நடுங்கியிருக்காது.