யார்க் நகரில் எதைப் பார்ப்பது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

இங்கிலாந்தின் பழம்பெரும் நகரங்களுள் யார்க் நகருக்குத் தனியிடம் உண்டு. கி.பி. 71-ல் ரோமானியர் கோட்டை அமைத்த ஊர்; பின்னர் வைக்கிங்குகள் ஆண்ட ஊர். எந்தப் பயண நூலைப் புரட்டினாலும் ஒரே வரிசைதான்: மின்ஸ்டர் பேராலயம், மதில், ஷேம்பிள்ஸ் தெரு, ரயில்வே அருங்காட்சியகம். பார்க்க வேண்டியவையே, மறுக்கவில்லை. ஆனால் இவற்றின் நிழலில் உழைத்து வாழ்ந்தவன் என்ன கூலி வாங்கினான், என்ன உண்டான் என்ற கேள்வி அவ்வரிசையில் இல்லை. அது பெருங்குறை என்பது என் கருத்து.

பேராலயத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் கிழக்குப் பெருஞ்சாளரம் ஏறத்தாழ ஒரு டென்னிஸ் மைதானத்தின் அளவு. அத்தனையும் வண்ணக் கண்ணாடி. 1405 முதல் 1408 வரை அதைச் செய்தவர் ஜான் தார்ன்டன் என்னும் கலைஞர். வாரம் 4 ஷில்லிங், ஆண்டுக்கு 5 பவுண்டு, முடித்தால் 10 பவுண்டு என்று ஒப்பந்தம். கூட்டிப் பார்த்தேன்: மூன்றாண்டுக்கு 56 பவுண்டுச் சொச்சம்! அண்ணாந்து பார்ப்பவர் இந்தக் கணக்கையும் நினைத்துக்கொண்டு பார்க்கலாமே.

ஷேம்பிள்ஸ் இன்று அழகுப் பொருள்கள் விற்கும் தெரு. அன்று அது கசாப்புக் கடைத் தெரு. இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் இன்றும் சில கடைகளின் முகப்பில் உள்ளன.

இனி, பயண நூல்கள் பெரிதாகச் சொல்லாத செய்திக்கு வருகிறேன். யார்க்கில் ரவுன்ட்ரீ என்ற கோகோ ஆலை முதலாளியின் குடும்பம் இருந்தது. அக்குடும்பத்து மகன் சீபோம் ரவுன்ட்ரீ, என்னைப் போல் வேதியியல் படித்தவர். 1899-ல் அவர் தம் ஊர்த் தொழிலாளர் வீடுகளை, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை, ஒன்று விடாமல் கணக்கெடுக்கச் செய்தார். உணவின் சத்தை அளந்து, தாய் தந்தையும் மூன்று குழந்தைகளும் உடல் தேயாமல் உயிர் வாழ வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்று கண்டார். அந்தக் கணக்கில் ரயில் கட்டணம் இல்லை, செய்தித்தாள் இல்லை, வெளியூரிலிருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதத் தபால்தலைகூட இல்லை. வாரக் கூலியில் பேருந்துக் காசை முதலில் எடுத்து வைக்கும் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் எனக்கு, அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார வேண்டியிருந்தது.

1901-ல் முடிவு நூலாக வந்தது. நகர மக்களில் நூற்றுக்கு 28 பேர் வறுமையில் இருந்தனர். வறுமை என்பது சோம்பேறித்தனத்தின் விளைவு என்று பேசியவர்களுக்கு, கூலி போதாமையே பெருங்காரணம் என்று எண்களால் விடை சொன்ன நூல் அது. கோட்டை கட்டிய மன்னரின் வெற்றியைவிட இது எவ்வகையில் குறைந்த வரலாறு?

“பயணி மகிழ வருகிறான், அவனிடம் வறுமையைக் காட்டுவதா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். வறியவர் வாழ்ந்த ஹங்கேட் பகுதியின் குடியிருப்புகள் 1930-களில் அகற்றப்பட்டுவிட்டன. வேடிக்கை பார்க்க அங்கே யாரும் இல்லை. நடந்து பார்க்கத்தான் சொல்கிறேன். மதிலின் மேல் நடக்கக் கட்டணமே கிடையாது. மொத்தம் மூன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். 1800-ல் நகராட்சி அதை இடிக்க முயன்றது. எதிர்ப்பு எழுந்ததால்தான் பெரும்பகுதி தப்பியது. அதன் தென்கிழக்கே வால்ம்கேட் வாயில். 1840-களின் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்தது அந்தத் தெருவில்தான்.

அங்கிருந்து இறங்கி ஊஸ் ஆற்றைக் கடந்தால் ரவுன்ட்ரீ பூங்கா. முதல் உலகப் போரில் மாண்ட ஆலைத் தொழிலாளர் நினைவாக 1921-ல் நகருக்கு அளிக்கப்பட்டது. நேரம் மிச்சமிருப்பவர் வடக்கே நியூ இயர்ஸ்விக் சிற்றூருக்கும் போய் வரலாம். குறைந்த கூலிக்காரரும் காற்றோட்டமான வீட்டில் இருக்க வேண்டும் என்று, சீபோமின் தந்தை ஜோசப் ரவுன்ட்ரீ 1902-ல் கட்டத் தொடங்கிய ஊர் அது. அவ்வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர்.