இருதய நோய் தலைவிதியா?

தோட்டத்திலோ பட்டணத்திலோ நம்மவர் ஒருவர் மார்பைப் பிடித்துக்கொண்டு வீழ்ந்து மாண்டால், "அவன் தலையெழுத்து" என்பர் ஒரு சாரார். "அவன் உண்ட கொழுப்பும் குடித்த மதுவும்" என்பர் மற்றொரு சாரார். ஊணும் குடியும் தீங்கிழைத்தலை நாம் மறுக்கவில்லை. ஆயின், மனிதனை மனிதன் தாழ்த்துவதும் இருதயத்தைத் தாக்கும் என்பதை இவ்விரு சாராரும் எண்ணுவதில்லையே, அஃதேன்?

நம் தோட்டத்தோரங்களில் திரியும் நீள்வாற் குரங்கை அறியாதார் யார்? அவ்வினத்தைக் கொண்டே அமெரிக்க நாட்டின் வட கரோலினாவில் கப்லான், மனுக், கிளார்க்சன் முதலிய அறிஞர் ஆராய்ந்து, 1982-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். ஆண் குரங்குகள் யாவற்றிற்கும் ஒரே உணவு. சில கூட்டங்களை நிலையாக விட்டனர். சிலவற்றின் உறுப்பினரை அடிக்கடி மாற்றினர். 22 மாதங்களுக்குப் பின் ஆய்ந்தபோது, நிலையற்ற கூட்டங்களில் தலைமையைக் காக்க ஓயாது போரிட்ட மேல்நிலைக் குரங்குகளின் இருதயக் குழாய்களிலேயே கொழுப்படைப்பு மிக்கிருந்தது. பெண் குரங்குகளிலோ, அடங்கி ஒடுங்கி வாழ்ந்தவையே மிகுதியும் நோயுற்றன என்பது பின்னர்ப் புலனாயிற்று. அடக்கப்படுவதும் கெடுகின்றது, அடக்கியாளும் பதவியைக் காக்க அல்லும் பகலும் அலைவதும் கெடுகின்றது!

"குரங்கிலும் மேல் கீழ் உண்டன்றோ? ஆகவே ஏற்றத்தாழ்வு இயற்கை" என வாதிப்போர் உளர். நன்று! 2012, 2016-ஆம் ஆண்டுகளில் வெளியான ஆராய்ச்சிகளில், ஜென்னி டங் முதலிய அறிஞர் ரீசஸ் இனப் பெண் குரங்குகளின் வரிசையைத் தாமே அமைத்தும் மாற்றியும் பார்த்தனர். வரிசை மாறவே, அவற்றின் இரத்த வெள்ளணுக்களில் மரபணுக்கள் இயங்கும் விதமும் மாறிற்று. தாழ்ந்த நிலையில், அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் ஓங்கின. அழற்சியோ இருதயக் குழாய்க்குப் பகை. எனவே கேடு பிறப்பில் இல்லை; வைக்கப்பட்ட இடத்தில் உள்ளது.

மனிதரும் இதற்கு விலக்கல்லர். 1967-இல் இலண்டனில் தொடங்கிய ஒயிட்ஹால் ஆராய்ச்சியில், அரசாங்க உத்தியோகத்தருள் கடைநிலை ஆண்கள் இருதய நோயால் மாண்ட விகிதம், உயர்நிலை அதிகாரிகளினும் மும்மடங்குக்கு மேற்பட்டிருந்தது. புகை, இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கணக்கிட்டுக் கழித்தும் வேற்றுமை முழுதும் நீங்கவில்லை.

ஆதலின், அன்பர்களே! வயதில் மூத்த தொழிலாளியை "ஏய்" என விளிக்கும் மேலாளரும், சாதி கேட்டுப் பெண் கொடுக்கும் பெரியோரும், மனைவியை அடிமையென நடத்தும் கணவரும் வெறும் மரியாதைக் குறைவு செய்வோர் அல்லர். பிறர் இருதயத்தின்மீதே கை வைப்போர் ஆவர். விதியை நோவதை விடுப்போம். மனிதன் வகுத்த வரிசையை மனிதனே மாற்றுதல் கூடும். நம் இல்லத்திலிருந்தே மாற்றத் தொடங்குவோமாக!