குதிகால் வலி: பழி எலும்பின் மேல் வேண்டாம்

பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளைப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்களில் குதிகால் வலி உள்ளவரைக் கேளுங்கள். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியைப் பற்றித்தான் சொல்வார். ஊசி குத்தினாற்போல் சுருக்கென்னும்; கொஞ்சம் நடந்தால் அடங்கும்; ஷிப்ட் முடிகிற நேரத்தில் மறுபடி வரும். குதிகால் வாதம் என்பார்கள். எக்ஸ்ரே எடுத்தவர் என்றால், "எலும்பு வளர்ந்திருக்காம்" என்று ஃபிலிமையும் காட்டுவார்.

வலிக்கெல்லாம் அந்த எலும்பு முள்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். வலியே தெரியாத பலர் குதிகாலிலும் அது உண்டு. வலியால் துடிக்கும் பலருக்கு அது இல்லை. கோளாறு வேறிடத்தில். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த சவ்வு ஒன்று உள்ளங்கால் வளைவைத் தாங்குகிறது. சிமெண்டுத் தரையில் மணிக்கணக்காக வெறுங்காலோடு நின்றாலும், உடம்பு கனத்தாலும், கெண்டைக்கால் சதை இறுகினாலும், சவ்வு எலும்போடு ஒட்டுமிடத்தில் இழைகள் நைகின்றன. அறுவை சிகிச்சையில் எடுத்த 50 பேரின் சவ்வுத் துணுக்குகளைச் சோதித்து 2003இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, அங்கே அழற்சி இல்லை, சிதைவுதான் என்றது. வலி மாத்திரை அந்த நேரத்துக்கு மட்டும் கேட்பதில் வியப்பில்லை.

நைந்தது ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். படுக்கையை விட்டு இறங்குமுன் உட்கார்ந்தபடியே, வலிக்கிற காலை மறு தொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கையால் மேல்நோக்கி வளைத்து இழுத்து, பத்து எண்ணும்வரை பிடியுங்கள். இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. சுவரில் கை ஊன்றி, பின்கால் குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் கெண்டைக்காலை நீட்டிவிடுவதும் நல்லது. தேய்ந்த ஹவாய் செருப்பைக் கழித்துவிட்டு, குதிகால் பக்கம் மெத்தென்றிருக்கும் செருப்பை வீட்டுக்குள்ளும் போடுங்கள். பெரும்பாலோருக்குக் கத்தி படாமலே ஓராண்டுக்குள் சரியாகிறது. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் கேட்கும். திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு அறுந்துபோகலாம், குதிகாலின் கொழுப்பு மெத்தையும் கரையலாம்.

சுட்ட செங்கல்மேல் எருக்கிலை வைத்து மிதிப்பது நம் பக்கத்துப் பாட்டிமார் வைத்தியம். சூடு இதம் தரும், அதை மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. சுடுவது தெரியாமல் கொப்பளித்துப் புண்ணாகும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

வீக்கம், காய்ச்சல், மரமரப்பு, தூக்கத்தைக் கலைக்கும் வலி இருந்தால் கைவைத்தியம் வேண்டாம். இளவயதுக்காரருக்குக் காலையில் முதுகு விறைப்போடு குதிகாலும் வலித்தால் அது மூட்டுவாத வகையாக இருக்கலாம். இவர்களெல்லாம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுவதே சரி. நடமாட முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.

நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவே சொன்னது. கடை ஊழியர்களுக்கு அந்த உரிமையைத் தமிழ்நாடு 2021இல் தந்தது. தறிப்பட்டறை முதலாளிகள் அதிகாரி வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தறிகளுக்கு நடுவே ஒரு ரப்பர் விரிப்பும், ஓரத்தில் ஒரு ஸ்டூலும் இந்த வாரமே போட்டுக் கொடுங்கள்.