ஸ்கேன் ஃபோல்டரைத் திறந்து போடலாமா?
தெரிந்த வரி ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தில், பிரிண்டரிலிருந்து ஸ்கேன்கள் வந்து விழும் ஃபோல்டரைப் பார்த்துத் திடுக்கிட்டேன். ஆதார், பான் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாமே 'எவ்ரிஒன்' என்ற அனுமதியில், கடவுச்சொல் இல்லாமல் கிடந்தன. வைஃபை கடவுச்சொல்லோ வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது! இப்படி ஆவதற்குக் காரணம் இருக்கிறது: ஸ்கேன் போகவில்லை என்று கூப்பிட்டால், வருகிற சர்வீஸ்காரருக்கு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டிய அவசரம். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் உடனே வேலை செய்கிறது, போய்விடுகிறார். பழைய மெஷினாக இருந்தால், கோப்புகளைப் பகிரும் பழைய நெறிமுறையான எஸ்எம்பி 1-ஐயும் மறுபடி இயக்கிவிடுகிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைக் கழற்றிவிடத் தொடங்கியது. அதை நாமே திரும்ப அழைத்து உட்காரவைப்பது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல. கணினியில் ஸ்கேனுக்கென்றே தனிப் பயனர் கணக்கு ஒன்று, அதற்கு அந்த ஒரே ஃபோல்டரில் மட்டும் எழுதும் உரிமை, ரவுட்டரில் அந்தக் கணினிக்கு மாறாத ஐபி முகவரி: பொறுமையாகச் செய்தாலும் அரை மணி நேர வேலை. அலுவலக ஊழியர் தன் கடவுச்சொல்லை மாற்றியதும் ஸ்கேன் நின்றுபோகும் தொல்லையும் இதனால் தீரும். மெஷின் எஸ்எம்பி 1 தவிர வேறெதுவும் அறியாததென்றால், யுஎஸ்பி டிரைவில் ஸ்கேன் செய்து எடுத்துக்கொள்வதே மேல். அந்தப் பெஞ்சில் காத்திருப்பவர்கள் தங்கள் காகிதங்களை நம்பித்தானே நீட்டுகிறார்கள்?