வெயிலுக்கு ஓர் அறை

நம் பக்கத்தைத் தவறாமல் படிக்கும் சகோதரி ஒருத்தி குன்னூரிலிருந்து எழுதியிருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. 'வீட்டு முன் வராந்தாவைக் கண்ணாடி போட்டு அடைத்து ஓர் அறையாக ஆக்கிவிடலாம் என்று பேச்சு நடக்கிறது. மூட்டுவலிக்கார மாமியார் குளிரில்லாமல் உட்காரலாம், துணி காயும், குழந்தைக்கும் வெயில் படும். செய்யலாமா அக்கா?' என்று கேட்கிறாள்.

தாராளமாகச் செய்யலாம். ஆனால் தங்கச்சி சொன்ன மூன்று காரணங்களில் ஒன்று முழுசாகச் சரி, ஒன்று பாதி சரி, ஒன்று சரியே இல்லை. எது எது என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் அறையைக் கட்டி முடிப்போம்.

சென்னையிலும் மதுரையிலும் இருக்கிற சகோதரிகள், 'வெயிலுக்கென்று ஓர் அறையா?' என்று சிரிப்பீர்கள். உங்களுக்கு வெயிலை விரட்டுவதே பெரும் பாடு. குன்னூர் கதை வேறு. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,850 மீட்டர் உயரம். வெளியே இதமான வெயில் அடிக்கும், வீட்டுக்குள் சுவரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு எல்லாமே கிட்டத்தட்ட இப்படித்தான். குளிர் நாடுகளில் இந்த மாதிரி அறைக்கு 'மூன்று பருவ அறை' என்று பெயர். கணப்பு வசதி வைக்காமல் கட்டுவார்கள். பனி கொட்டும் மாதங்களில் கதவைச் சாத்திவிட்டு, மற்ற மூன்று பருவமும் அதில் உட்காருவார்கள். நம் மலைகளில் அந்த மாதிரிப் பனி கொட்டுவதில்லை. ஆகவே அடைமழை நாட்களும் மார்கழி, தை மாத இரவுகளும் தவிர, வருஷம் பூராவும் பகலில் பயன்படும். நீலகிரியின் பழைய பங்களாக்களில் கண்ணாடி அடைத்த வராந்தாக்களை இன்றைக்கும் பார்க்கலாம். புதுசான விஷயமே இல்லை.

கண்ணாடி அறை எப்படிச் சூடாகிறது? வெயில் கண்ணாடி வழியாகச் சுலபமாக உள்ளே வந்துவிடும். அது தரையிலும் சுவரிலும் பட்டு, அவை சூடாகும். அந்தச் சூடு திரும்பக் கண்ணாடியைத் தாண்டி அவ்வளவு சுலபமாக வெளியே போகாது. சூடான காற்றும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மென்மையான செடிகளைக் கண்ணாடி வீட்டுக்குள் வளர்ப்பதும் இதனால்தான். செடிக்கு இதமாக இருப்பது மனுஷருக்கும் இதமாக இருக்க வேண்டுமென்றால், வெயிலின் கணக்கு தெரிந்து கட்ட வேண்டும்.

எந்தப் பக்கம்? கிழக்கோ தென்கிழக்கோ உத்தமம். மலையில் காலையில் பளிச்சென்று இருக்கும் வானம் மத்தியானத்துக்கு மேல் மேகம் மூடிக்கொள்வது சகஜம். காலை வெயிலைப் பிடித்துக்கொண்டால் லாபம். தெற்கும் நல்லதுதான். மேற்குப் பக்கக் கண்ணாடி மாசி, பங்குனி மாலைகளில் ஆளை வறுத்துவிடும். வடக்கில் குளிர்காலத்தில் வெயிலே எட்டிப் பார்க்காது. இரண்டு மூன்று நாள், காலை எட்டு மணி, பன்னிரண்டு மணி, நாலு மணிக்கு வராந்தாவில் வெயில் விழுகிற இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். செலவில்லாத சோதனை.

கூரை விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 'மேலேயும் கண்ணாடியே போட்டுடலாம்மா, சினிமா பங்களா மாதிரி இருக்கும்' என்பார் மேஸ்திரி. வேண்டாம். டிசம்பர் கடைசியில் குன்னூரில் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து 55 பாகை உயரத்தில் நிற்கும். சித்திரை பிறந்து ஒரு வாரத்தில் நேர் உச்சிக்கு வந்துவிடும். ஆகஸ்ட் கடைசி வாக்கில் மறுபடியும் உச்சி. கண்ணாடிக் கூரை போட்டால் அந்த நாட்களில் உள்ளே உட்கார முடியாது. ஓடு அல்லது தகரக் கூரை போட்டு, அடியில் பலகையோ வெப்பம் தாங்கும் அட்டையோ அடித்துவிடுங்கள்.

தெற்குப் பக்கம் கூரையை ஒன்றரை அடி வெளியே நீட்டச் சொல்லுங்கள். டிசம்பர் நடுப்பகலில் அந்த நீட்டலின் நிழல் கண்ணாடியின் மேல் இரண்டடியில் மட்டும் விழும், மீதியெல்லாம் வெயில். மார்ச் கடைசியிலோ அதே நீட்டலின் நிழல் ஏழடிக்கு இறங்கிக் கண்ணாடி முழுவதையும் மூடிவிடும். குளிர்காலத்தில் வெயில், கோடையில் நிழல். காசு கொடுத்து வாங்கும் எந்தத் திரையும் இவ்வளவு சமர்த்தாக வேலை செய்யாது.

அடுத்தது காற்று. எல்லாக் கண்ணாடியையும் அசையாமல் பதித்துவிடக் கூடாது. கீழே ஒரு வரிசை, எதிர்ப்பக்கம் கூரையை ஒட்டி ஒரு வரிசை திறக்கிற மாதிரி இருக்கட்டும். சூடான காற்று மேலே ஏறும். மேலே திறந்தால் அது வெளியே போகும், கீழே குளிர்ந்த காற்று வரும். திறக்கும் இடத்துக்கெல்லாம் கொசுவலை அடித்துவிட்டால் பூச்சித் தொல்லையும் இராது.

கண்ணாடி வாங்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில், கதவுகளுக்கும் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரைக்கும் 'டஃபண்ட்' கண்ணாடிதான் போட வேண்டும். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி மாதிரி நீள நீளமாகத் தெறிக்கும். இது கல்கண்டு போலப் பொடிப் பொடியாக உதிரும். ஆனால் ஒன்று, டஃபண்ட் ஆன பிறகு அறுக்க முடியாது. சட்டம் பொருத்தி முடித்து, சரியாக அளந்த பிறகே ஆர்டர் கொடுங்கள். எடையும் உண்டு. 6 மி.மீ. கனத்தில் மூன்றடிக்கு நாலடிக் கண்ணாடி ஒன்று கிட்டத்தட்ட 17 கிலோ. பழைய வராந்தாத் தூண்கள் தாங்குமா என்று இஞ்சினீயரை வரவழைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. இன்னொரு வழியும் இருக்கிறது. இரண்டரை அடிக்குச் செங்கல் சுவர் எழுப்பி, அதன்மேல் கண்ணாடி வைத்தால் செலவும் குறையும், குழந்தை மோதிக்கொள்ளும் பயமும் குறையும்.

மழையை மறந்துவிட்டு மலையில் ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது. புதுக் கூரை பழைய சுவரோடு சேருகிற இடம்தான் முதலில் ஒழுகும். சுவரில் காடி வெட்டி, தகரப் பட்டையை அதில் செருகி, கூரைமேல் மடித்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள். வெறும் சிமென்ட் பூச்சு ஒரே கோடையில் விரிசல் விட்டுவிடும். அறையின் தரை வீட்டுத் தரையைவிட ஓர் அங்குலமாவது தாழ்வாக இருக்கட்டும். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வெளிப்பக்கம் சரிவும் வேணும்.

கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கூரைமேல் 10 செ.மீ. மழை பெய்தால் 1,100 லிட்டர் தண்ணீர், எழுபது குடத்துக்கு மேல்! அத்தனையும் வீட்டுக்குக் கீழே இருக்கும் மண்சரிவில் கொட்டினால் என்ன ஆகும்? 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதனால் தண்ணீரைக் குழாய் வழியாகத் தொட்டிக்கோ கட்டின சாக்கடைக்கோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். அறைக்கு இடம் வேண்டும் என்று பின்னால் மேட்டை வெட்டவும் கூடாது. மலைப் பகுதியில் கட்டடம் கட்டத் தனி விதிகள் உண்டு. வராந்தாவை அடைப்பதுதானே என்று இராமல், நகராட்சியிலோ பேரூராட்சியிலோ கேட்டு எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

மலை நாட்டுக்கே உரிய ஒரு சமாசாரம். எண்ணெய் டின், வெல்லம், பழக்கூடை எதையும் இந்த அறையில் வைக்காதீர்கள். வாசனை பிடித்து வரும் கரடிக்குக் கண்ணாடிக் கதவு ஒரு கதவே இல்லை. குரங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்போது தங்கச்சியின் மூன்று காரணங்களுக்கு வருவோம்.

மாமியாருக்கு இதம் என்றாளே, அது முழுசாகச் சரி. காலை ஒன்பது மணி வெயிலில் முழங்கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு கீரை ஆய்கிற சுகம் பெரியவர்களுக்குப் பெரிய ஆறுதல். மூங்கில் நாற்காலி ஒன்று, கால் வைக்க முக்காலி ஒன்று போட்டுவிடுங்கள். தரை வழவழப்பாக இல்லாமல் சொரசொரப்பாக இருக்கட்டும்.

துணி காய்வது பாதி சரி. ஜன்னல் திறந்திருந்தால் காயும். மூடியே இருந்தால் துணியிலிருந்து கிளம்பும் ஈரம் முழுக்கக் கண்ணாடியில் வேர்த்து வழியும். நாலே வாரத்தில் மூலையெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். இழுப்புக்காரர் இருக்கும் வீட்டில் அது ஆகவே ஆகாது. துணி போட்டால் மேல் ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

குழந்தைக்கு வெயில் படும் என்றாளே, அதுதான் சரியில்லை. எலும்பு உறுதிக்கு வேண்டிய வைட்டமின் டியை நம் தோல் உண்டாக்கிக்கொள்ள, வெயிலில் உள்ள ஒரு வகைப் புற ஊதாக் கதிர் தேவை. கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். கண்ணாடிக்கு உள்ளே குழந்தைக்கு வெளிச்சம் கிடைக்கும், சூடு கிடைக்கும், வைட்டமின் கிடைக்காது. 'தினம் வெயில் காட்டுகிறேனே' என்று நம்பிக்கொண்டு, டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். முதல் வருஷம் தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு கொடுக்கக் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். உங்கள் டாக்டரைக் கேட்டு அதன்படி செய்யுங்கள். பிறந்த குழந்தைக்குக் கண்ணும் உடம்பும் மஞ்சளாகத் தெரிந்தால், கண்ணாடி அறையில் கிடத்தி வைத்துக் காத்திருக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பச்சைக் குழந்தையை அங்கே தனியாகத் தூங்கப் போடுவதும் கூடாது. வெயில் ஏறினால் அறை சீக்கிரம் சூடாகிவிடும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது.

கடைசியாக ஒன்று. இதை மட்டும் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டாலும் சரி. மாலையில் குளிர் ஏறினதும், 'குமுட்டி அடுப்பில் நாலு கரி போட்டுக் கொண்டுவந்து வைத்தால் அறை கதகதப்பாக இருக்குமே' என்று தோன்றும். வைக்காதீர்கள், அம்மா. கரித்தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறமில்லை, நெடியில்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் தூக்கம் தள்ளும். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காமலே போனவர்கள் உண்டு. புகை வராத கரியும் இந்த வாயுவை விடும். நன்றாக மூடின கண்ணாடி அறையில் ஆபத்து இன்னும் அதிகம். யாருக்காவது இந்த அறிகுறி தெரிந்தால், கதவு ஜன்னலைத் திறந்து, ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இது பகல் அறை. பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கும் அதற்கும் நடுவே உள்ள கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். அந்தக் கதவை எடுத்துவிட்டால் இடம் பெரிசாகத் தெரியும் என்று வீட்டில் யாராவது சொன்னால், முதல் மார்கழி போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.