பூசலாரின் பயணக் கணக்கு

பழந்தமிழில் ‘செலவு’ என்னும் சொல்லுக்குப் பயணம் என்ற பொருளுண்டு. இன்று அச்சொல் பணத்தையே குறிக்கிறது. எளிய குடும்பங்களின் தல யாத்திரையைத் தடுத்து நிறுத்துவதும் அதுவே.

கள்ளக்குறிச்சி நகரில் உள்ளது கருணாபுரம். 2024 ஜூன் மாதத்தில் இங்கும் சுற்றுப்புறங்களிலும் கள்ளச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அன்றாடக் கூலியால் அடுப்பெரியும் இத்தகைய ஊர்களில், மயிலைக் கபாலீசுவரரை ஒருமுறையேனும் தரிசிக்க வேண்டும் என்று ஒரு தாய் எண்ணினால், சென்னையின் விடுதி வாடகையும் ஆட்டோ கட்டணமும் அவ்வெண்ணத்தை முளையிலேயே கிள்ளிவிடுகின்றன.

அந்த அச்சத்தில் பாதி தேவையற்றது. இரவுப் பேருந்தில் புறப்பட்டால் விடியலில் கிளாம்பாக்கம் வந்து சேரலாம். அன்றிரவே திரும்பினால் விடுதிச் செலவு இல்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. 2013-இல் மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்லி 1 ரூபாய்க்கும் பொங்கல் 5 ரூபாய்க்கும் வழங்கப்பட்டு வருகின்றன. மயிலையில் தர்ம தரிசனம். நண்பகலில் திருக்கோயில் அன்னதானம். பிற்பகலில் சென்ட்ரலிலிருந்து புறநகர் மின்தொடர் வண்டியில் ஏறினால், மிகக் குறைந்த கட்டணத்தில் திருநின்றவூர்.

அத்தலத்தின் பெருமையே வறியவர் ஒருவரால் வந்தது. பூசலார் நாயனார் இறைவனுக்கு ஆலயம் எழுப்ப விழைந்தார்; பொருள் தேடி அலைந்தும் கிட்டவில்லை. மனத்துக்குள்ளேயே நிதி திரட்டி, தச்சரை வரவழைத்து, அடித்தளம் முதல் சிகரம் வரை எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் எழுப்பிய கற்றளிக்கு விழா எடுக்கவிருந்தான் பல்லவ மன்னன். அவன் கனவில் தோன்றிய ஈசன், பூசலார் ஆலயத்துக்குத் தாம் எழுந்தருள இருப்பதால் விழாவைப் பிறிதொரு நாளில் வைக்குமாறு பணித்தார். திருநின்றவூர் வந்து தேடிய மன்னன் அங்கே கோயிலைக் காணவில்லை. அடியவரைக் கண்டான், அவர் திருவடியில் விழுந்தான். இன்று அங்கே இருதயாலீசுவரராக இறைவன் அருள்பாலிக்கிறார்.

கட்டணமில்லா வரிசையில் நிற்கவும், அன்னதானப் பந்தியில் அமரவும் சிலர் கூசுகின்றனர். கூச வேண்டியதில்லை. பந்தியில் இடப்படுவது இறைவனின் பிரசாதம். அங்கே உண்பவர் யாசகரல்லர், அடியவர். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலா வரும் நாளன்று மயிலை மாடவீதிகளில் நீரும் மோரும் உணவும் அளிப்போர், பெறுபவர் வந்ததையே தம் பேறாகக் கருதுகின்றனர். அன்று நெரிசல் மிகுதி. குழந்தைகளுடன் செல்வோர் வேறு நாளைத் தேர்வது நலம்.

முன்னோர் நேர்ந்துகொண்டபோது மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தனர். நாளொன்றுக்கு 10 ரூபாய் முடிந்தால் நூறு நாளில் 1000 ரூபாய். தொகையைவிடப் பெரிது அம்முடிச்சின் பயன். மதுக்கடைக்குப் போகவிருந்த காசை அது ஈசனின் காசாக்குகிறது. அதை அவிழ்க்க எந்தக் கையும் தயங்கும். குடும்பத் தலைவனை இழந்த வீட்டில், பிள்ளைகள் ஆவலோடு எண்ணிக் காத்திருக்க ஒரு நாளையும் அது தருகிறது.

பூசலார் முதலில் எழுப்பியது எண்ணத்தை. பொருள் இல்லாததால் அவர் நாள் குறிக்காமல் இருக்கவில்லை. சிறுகச் சேர்ப்போரும் இன்றே நாள் குறித்துக்கொள்ளட்டும். நடத்தி வைப்பவன் ஈசன்.